திராட்சைத் தோட்டம் கடலுக்குப் போன கதை

கேள்வி: கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்ட அளவீட்டை வரைபட மென்பொருளில் ஏற்றினால் வங்கக் கடலில் போய் விழுகிறதே, ஏன்? (வாசகர், சின்னமனூர்)

பதில்: கவலை வேண்டாம், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் அவ்வளவு தூரம் பாயாது! எவ்வளவு தூரம் தள்ளி விழுகிறது என்று அளந்தாலே நோய் தெரிந்துவிடும். சுமார் 650 கிலோமீட்டர் கிழக்கே என்றால் யுடிஎம் என்ற வரைபட ஆயமுறையின் மண்டலக் கோளாறு. கிழக்குத் தீர்க்கரேகை 78 டிகிரியில் 43ஆம் மண்டலம் முடிந்து 44 தொடங்குகிறது. அந்தக் கோடு மதுரைக்குச் சற்று மேற்கே ஓடுகிறது. தேனி 43, மதுரை 44. மதுரைப் பழக்கத்தில் யாரோ தரவில் 44 என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். தோட்டம் நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் மிதந்தால், அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருக்கின்றன. நூறு இருநூறு மீட்டர்தான் விலகல் என்றால் பழைய எவரெஸ்ட் நீள்கோளத்தின்படி வரைந்த வரைபடத் தாளைச் சந்தேகியுங்கள். 'நூறு மீட்டர்தானே' என்பவர் பக்கத்துத் தோட்டக்காரரிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

'கியூஜிஐஎஸ் மென்பொருள் தானாகவே பொருத்திவிடுமே' என்பீர்கள். பொருத்தும், ஆனால் சீட்டை அப்படியே நம்பித்தான். போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில் எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் கட்டளை ஆய எண்களையே மாற்றிக் கணக்கிடும். தப்பான சீட்டோடு அதை ஓட்டினால் தோட்டம் முறைப்படி கடலிலேயே குடியேறும். உங்கள் எண்கள் சரி, சீட்டுதான் தப்பு. சீட்டை மட்டும் மாற்றும் எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடி போட்டு, 43ஆம் மண்டலத்துக்குரிய 32643 என்று திருத்துங்கள், கொடி கரையேறிவிடும்.