வாறுகாலில் விழுந்த பந்து: நெல்லைத் தெருக் கிரிக்கெட்டின் இடர்நிலச் சட்டம் குறித்து ஓர் ஒப்பாய்வு

சாக்கடையில் விழுந்த பந்தை என்ன செய்வது என்ற கேள்விக்குக் கோல்ஃப் உலகம் எழுத்தில் தந்த பழைய பதில் 1744ஆம் ஆண்டுக்குரியது. எடின்பரோவை அடுத்த லீத்தில் ஆடிவந்த கனவான்கள் அந்த ஆண்டு பதின்மூன்று விதிகளை எழுதிவைத்தார்கள். தண்ணீரிலோ அழுக்குநீரிலோ பந்து விழுந்தால் வெளியே எடுத்து, பின்னால் வைத்து ஆடலாம். ஈடாக எதிராளிக்கு ஓர் அடியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது ஐந்தாம் விதியின் சாரம். ஆனால் அந்தப் பந்தை யார் எடுப்பது, எடுத்த கையை எதில் துடைப்பது, வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் என்ன சொல்வது ஆகிய மூன்றைப் பற்றியும் விதி வாய் திறக்கவில்லை. விட்டுப்போன இந்த மூன்றையும் திருநெல்வேலித் தெருக்கள் இட்டு நிரப்பின என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆய்வுக்களம் மேற்கே டவுன், கிழக்கே பாளையங்கோட்டை, நடுவே தாமிரபரணி. முடுக்குகள், வளவுகள், நெற்களங்கள், வாய்க்கால் கரைகள் ஆகியவை முதன்மைத் தரவுகள். தகவலாளிகளில் பெரும்பாலோர் அரைக்கால் சட்டை அணிந்தவர்கள். நோட்டைக் கண்டதும் பள்ளிக்கூடத்து ஆள் என்று நினைத்து ஓடிவிட்டதால் நேர்காணல்கள் சற்றே சுருக்கமானவை.

நெல்லைச் சட்டத்தின் ஆணிவேர் ஒரே வாக்கியம்: “அடிச்சவன்தாம்ல எடுக்கணும்.” கோல்ஃபில் பந்தைத் தேட உதவியாள் உண்டு, ஆட்டக்காரரின் கால்சட்டைக்குச் சேதமில்லை. அங்கே தண்டனையை அட்டையில் எழுதுகிறார்கள். இங்கே அது முழங்கை வரை பூசப்படுகிறது. வாறுகாலுக்குள் கை விட்டவனுக்கு அடுத்த ஓவர் முழுக்க யாரும் கைகொடுப்பதில்லை என்பதால் சமூக விலக்கும் இத்தண்டனையில் அடக்கம். தென்னமட்டையாலேயே பந்தைத் தோண்டி எடுக்கலாமா என்பதில் கருத்துவேறுபாடு நீடிக்கிறது. மட்டைக்குச் சொந்தக்காரன் கூடாது என்கிறான், ஏனையோர் கூடும் என்கிறார்கள். எடுத்த பந்தை அடுத்த வீட்டுச் சுவரில் நாலு தட்டுத் தட்டினால் பந்து சுத்தமாகிவிடும் என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒன்று. சுவரின் நிலை ஆய்வுக்கு அப்பாற்பட்டது.

வாய்க்காலுக்கு வருவோம், இச்சட்டத்தின் செழிப்பான பகுதி இதுதான். தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் பதினொரு கால்வாய்கள். பழவூர் அணையில் பிரிவது பாளையங்கால்வாய். சுத்தமல்லி அணையில் பிரிவது நெல்லைக் கால்வாய். இவற்றை வெட்டியவர்கள் பாசனத்தை மட்டுமே மனத்தில் வைத்திருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் நம்புகிறார்கள். ஒவ்வொரு மதகின் முன்னாலும் அமலைச்செடிக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கும் ரப்பர் பந்துகளை அவர்கள் பார்த்ததில்லை போலும்.

ஓடும் தண்ணீரில் மிதந்து செல்லும் பந்து பற்றிக் கோல்ஃப் விதி நுட்பமாகவே பேசுகிறது. நகரும் பந்தை அடிப்பது பொதுவாகக் குற்றம். நீரில் நகரும் பந்தை அடிப்பது குற்றமில்லை. ஆனால் நீரோட்டம் பந்தை நல்ல இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும் என்று வேண்டுமென்றே காத்திருக்கக் கூடாது. நெல்லை இங்கே நேர் எதிர்த்திசையில் சிந்தித்திருக்கிறது. காத்திருப்பதுதான் முழு உத்தியும். பந்து விழுந்த கணமே ஒருவன் கரையோரமாக ஓடி, அடுத்த படித்துறைக்குப் பந்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொள்கிறான். அவனால் முந்த முடியாவிட்டால் படித்துறையில் துவைத்துக்கொண்டிருப்பவர்களுக்குக் குரல் போகும்: “பெரியம்மை, பந்து வருது, புடிங்க!” பெரியம்மை பிடித்துவிட்டால் சட்டச் சிக்கல் தொடங்குகிறது. ஆளோ குதிரையோ நாயோ பந்தைத் தடுத்தால் தடுத்த இடத்திலிருந்தே ஆட வேண்டும் என்கிறது 1744இன் பத்தாம் விதி. அதை அப்படியே ஏற்றால் ஊறவைத்த போர்வையின் மேலிருந்து ஆட வேண்டிவரும். நம் மரபு இதைத் தவிர்த்து, தண்ணீரில் விழுந்த பந்துக்கு “ரெண்டு டிக்ளேர்” என்று முன்கூட்டியே விலை நிர்ணயித்துவிட்டது. பெரியம்மைக்கு மட்டும் விலை இல்லை; ஒரு வசவோடு பந்து திரும்பி வருகிறது.

மேலும், கோல்ஃபில் எல்லை குறித்த நீர்நிலை தண்ணீர் வற்றினாலும் தண்டனைப் பகுதியாகவே இருக்கும். சிவப்பு, மஞ்சள் முளைகளுக்குப் பருவம் தெரியாது. நம் வாய்க்கால் அப்படிப் பிடிவாதம் பிடிப்பதில்லை. கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் அது இடர்நிலம், பிசானத்திலும் இடர்நிலம், கோடையில் அடைத்துவிட்டால் அதுவே ஆடுகளம், கரை இரண்டும் பவுண்டரி. அணை திறக்கும் தேதியை விவசாயிகளுக்கு அடுத்தபடி ஆவலோடு எதிர்பார்க்கும் வர்க்கம் ஒன்று உண்டென்பதை நீர்வளத் துறை இனியேனும் கவனிக்கலாம்.

அடுத்தது மணல். மணல்குழிக்குள் ஆட்டக்காரர் என்ன செய்யலாம் என்பது கோல்ஃபின் தலைவலிபிடித்த அத்தியாயம். மணலின் தன்மையை அறியக் கையாலோ மட்டையாலோ தொட்டுப் பார்க்கக் கூடாது. ஒத்திகை வீச்சில் மட்டை மணலில் படக் கூடாது. ஆனால் கால்களை ஊன்றிப் புதைத்துக்கொள்ளலாம், விழாமல் இருக்க மட்டையில் சாயலாம், 2019ஆம் ஆண்டின் திருத்தப்படி ஆத்திரத்தில் மணலை ஓங்கி அடிக்கவும் செய்யலாம். கோபத்துக்கு அனுமதி, ஆராய்ச்சிக்குத் தடை! ஆய்வாளன் என்ற முறையில் என் கண்டனத்தைப் பதிவுசெய்கிறேன்.

இந்தச் சட்டத்துக்குப் பலியானவர் டஸ்டின் ஜான்சன். 2010 ஆகஸ்டில், அமெரிக்காவின் விஸ்கான்சினில், ஏறத்தாழ ஆயிரம் மணல்குழிகள் வெட்டப்பட்ட விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் மைதானத்தில், பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழியில் நின்றார். பார்வையாளர்கள் மிதித்துத் துவைத்த மண்ணில் அவர் பந்து கிடந்தது. அது மணல்குழி என்று தோன்றாமல் மட்டையை ஊன்றிவிட்டார். இரண்டு அடி தண்டனை. முதலிடத்துக்கான கூடுதல் ஆட்டத்துக்குள் நுழையவே முடியாமல் போயிற்று. கோப்பை மார்ட்டின் கைமருக்குப் போனது.

அதே 2010ஆம் ஆண்டின் இறுதியில், தோழர் இரா. நல்லகண்ணு தொடர்ந்த வழக்கில், தாமிரபரணியில் ஐந்தாண்டுகளுக்கு மணல் அள்ளக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. இவ்விரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்து இதுவரை யாரும் ஆராயவில்லை என்பது வியப்பே. அங்கே ஒருவர் தெரியாமல் மட்டை நுனியால் மணலைத் தொட்டார். தண்டனை அன்றைக்கே கிடைத்தது. இங்கே பொக்லைனையே ஊன்றி, லாரி லாரியாகத் தொட்டார்கள். பல்லாண்டுகள் ஆட்டம் தொடர்ந்த பிறகுதான் நடுவர் விசில் ஊதினார். எந்த ஆட்டத்தில் விதி கடுமை என்று தீர்மானிக்கும் பொறுப்பை வாசகரிடம் விடுகிறேன். தெருப் பையன்களைப் பொறுத்தவரை, வீடு கட்டக் குவித்த மணலில் பந்து புதைந்தால் தோண்டலாம், தொடலாம், உருளலாம். கொத்தனார் அண்ணாச்சி திரும்பி வருவதற்குள் குவியலைப் பழையபடி கூட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முள் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. விஷப்பாம்பு, தேனீ, முதலை, கரடி போன்றவை அருகில் இருந்தால் கோல்ஃப் விதி தண்டனையின்றி விலகி ஆடவிடும். கள்ளிமுள்ளுக்கு அந்தச் சலுகை கிடையாது. உடங்காட்டில் பந்து போனால் நம்மிடமும் கிடையாது. 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பின் புல்வெளிக்குக் காட்டெருமைகள் மேய வருவதுண்டு. விதிப்புத்தகம் பெயர் சொல்லும் விலங்குகளில் காட்டெருமை இல்லை. இருந்தாலும் விளக்கம் கேட்டு யாரும் அதன் அருகே போவதில்லை என்பதால் பிரச்சினை எழவில்லை.

வீடுகளை இடர்நிலம் என்று வகைப்படுத்துவதா, எல்லைக்கு வெளியே என்பதா? கோல்ஃபில் எல்லை தாண்டினால் ஓர் அடி தண்டனையோடு பழைய இடத்திலிருந்தே மறுபடி அடிக்க வேண்டும். நெல்லையில் நேராகத் தட்டட்டிக்கோ புறவாசலுக்கோ போனால் அடித்தவன் அவுட். அதன் பிறகும் பந்து உள்ளேயேதான் இருக்கிறது. இங்கேதான் தூதுவர் தேர்வு நடக்கிறது: குழுவில் ஆகச் சிறியவனும், எண்ணெய் வைத்துத் தலைவாரியவனும் முன்னுரிமை பெறுகிறார்கள்.

“ஆச்சி, பந்து விழுந்துட்டு. எடுத்துக்கிடட்டா?”

“போன வாரமே சொன்னம்லா? இனிமே விழுந்தா அருவாமனைல வச்சு ரெண்டா நறுக்கிருவேன்னு.”

நறுக்குவதாகச் சொன்ன ஆச்சிமார் பலர். நறுக்கிய ஆச்சி அபூர்வம். பந்தைத் தேடும் நேரத்தைக் கோல்ஃப் 2019இல் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைத்தது. ஆச்சியின் வீட்டுக் கடிகாரம் அந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை. எந்த வகுப்பு, அரைப் பரீட்சையில் என்ன மார்க்கு, அப்பா ஊரில் இருக்கிறாரா என்ற விசாரணை முடிந்த பிறகே முருங்கை மரத்தடிப் பக்கம் விரல் நீளும்.

கடைசியாக, தீராத வழக்கொன்று. கடையடைப்பு நாளில் டவுன் ரத வீதியில் ஆட்டம். தூக்கி அடித்த பந்து நிலையில் நிற்கும் நெல்லையப்பர் தேரில் ஏறி உட்கார்ந்துவிட்டது. தேர் கோல்ஃப் சட்டப்படி அசையும் தடையா, அசையாத் தடையா? நியாயமான முயற்சியால், சேதமின்றி நகர்த்த முடிந்தால் அசையும் தடை என்கிறது விதி. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுப்பது நியாயமான முயற்சிதானா என்பதற்கு ஸ்காட்லாந்தில் முன்தீர்ப்பு இல்லை. ஆனித் தேரோட்டத்தன்று மட்டும் அசையும் தடை, மற்ற நாட்களில் அசையாத் தடை என்று இக்கட்டுரையாளர் தீர்ப்பளிக்கிறார். தேரோட்டத்தன்று ரத வீதியில் ஒருவனும் மட்டையைத் தூக்க முடியாது என்பதால் தீர்ப்பின் முதல் பாதி இன்னும் அமலுக்கு வரவில்லை.