"அடுத்த முறை கழிச்சுக்கலாம்": ஒரு நோயாளிக் கணக்கியல் ஆய்வு

ஆய்வுப் பொருள்: ஐம்பது ரூபாய். தற்போதைய இருப்பிடம்: எங்கள் தெருமுனை கிளினிக், என் பெயரில்.

தோற்றம்: சென்ற மாசியில் காய்ச்சலோடு போனேன். ஃபீஸ் 350. நான் நீட்டியவை நான்கு நூறு ரூபாய்த் தாள்கள். (ஜிபே? போன் வீட்டில், சார்ஜில்.) கவுன்ட்டர் அம்மா டிராயரை இழுத்து, எட்டிப் பார்த்து, மூடினார். "சில்லறை இல்ல சார், அடுத்த முறை கழிச்சுக்கலாம்." சீட்டின் பின்புறம் பென்சிலால் 'பா. 50' என்றெழுதி வட்டமிட்டார். அவ்வட்டமே இத்துறையின் மூல ஆவணம்.

கோட்பாடு: 1494இல் வெனிஸில் லூக்கா பாசியோலி அச்சேற்றிய இரட்டைப் பதிவு முறைப்படி, வேலை செய்யாமல் வாங்கி வைத்திருக்கும் பணம் வருமானமல்ல, கடன். ஆக, நான் கடன் கொடுத்தவன். கடன் கொடுத்தவர் திண்ணையில் உட்கார்ந்து அதட்டுவது மரபு. இங்கோ டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார வேண்டும்.

வகைப்பாடு: (அ) சில்லறைப் பாக்கி. மேலே கண்டது. (ஆ) அட்வான்ஸ் பாக்கி. டிஸ்சார்ஜ் அன்று ஒரிஜினல் ரசீதைக் கேட்பார்கள். அது ஊருக்குப் போய்விட்ட மைத்துனரின் சட்டைப் பையில் இருக்கும். (இ) ரிட்டர்ன் பாக்கி. பயன்படுத்தாத ஊசி மருந்தைப் பார்மசியில் திருப்பிக் கொடுத்துப் பெறுவது. (ஈ) இன்ஷூரன்ஸ் பாக்கி. நாமும் கட்டி, கம்பெனியும் கட்டிய பின் எஞ்சுவது. மீட்டவர்கள் பேரன்களுக்குக் கதையாகச் சொல்லலாம்.

களச் சோதனை: அம்மாவின் பிரஷருக்காக அதே கிளினிக்குக்குப் போனேன். இப்போது கணினி வந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண், "உங்க பேர்ல மைனஸ் 50 காட்டுது சார், கட்டிடறீங்களா?" என்றார். மைனஸ் என்றால் அவர்கள் எனக்குத் தர வேண்டியது என்று கால் மணி நேரம் விளக்கினேன். ஒப்புக்கொண்டார். அப்படியானால் அம்மா ஃபீஸில் கழியுங்கள் என்றேன். "அது உங்க ஐடி சார். சாஃப்ட்வேர் விடாது."

கண்டறிந்தது: இப்பாக்கியை வசூலிக்க ஒரே வழி, கடன் கொடுத்தவரே நோயில் விழுவது. கடனுக்கு வழக்குப் போட 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் பொதுவாகத் தருவது 3 ஆண்டு. அதற்குள் நான் இருமியாக வேண்டும். ஆரோக்கியம் நீடித்தால் அசலே போய்விடும்.

பின்னிணைப்பு: நேற்றிரவு தொண்டை கரகரத்தது. நம்பிக்கையோடு பீரோவில் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் மனைவி சுக்குக் கஷாயத்தோடு வந்து ஆய்வைக் கெடுத்துவிட்டாள்.