முப்பத்தொரு ஸ்லைடர்களும் ஒரு ஜோடிக் காதும்

ஈக்குவலைஸரை எப்படி வைப்பது என்பதில் வேலப்பன்சாவடியில் கருத்து வேறுபாடு இருந்ததே இல்லை. கட்சிக்கொரு டீக்கடை என்று பிரிந்து கிடந்த ஊர், இந்த ஒன்றில் மட்டும் ஒரே மனதாக நின்றது: இரண்டு ஓரமும் மேலே, நடு கீழே. 1980-களின் கடைசியில் யார் வீட்டு செட்டைப் பார்த்தாலும் இதே பள்ளத்தாக்குதான். இடது ஓரம் ‘தும் தும்’முக்கு, வலது ஓரம் ‘ஸ்ஸ்’ஸுக்கு. நடுவில் என்ன இருக்கிறது என்று யாரும் விசாரித்ததில்லை. டெலிபோன்காரர்கள் மனிதக் குரலுக்கு என்று 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை ஒதுக்கியிருந்தார்களே, அந்த இடம்தான் அது. எஸ்.பி.பி.யும் ஜானகியும் குடியிருந்த பகுதியை நாங்களே பள்ளமாக்கிவிட்டு, “பாட்டு சரியா கேக்கலியேடா, சவுண்டு வை” என்போம்.

இதற்கு அறிவியல் ஆதரவும் உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெச்சரும் மன்ஸனும் 1933-ல் கண்டு சொன்னது: ஒலி மெதுவாக இருக்கும்போது நம் காது அடித்தொனியைக் கொஞ்சம் கைவிட்டுவிடும். ஆகவே மெதுவாகக் கேட்பவர்கள் அந்த ஓரத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் ஊரில் மெதுவாகக் கேட்பது என்ற வழக்கமே கிடையாது. பாட்டு வைப்பது வீட்டுக்கு அல்ல, தெருவுக்கு.

எங்கள் செட் ரிச்சி தெருவில் பிறந்தது. மவுண்ட் ரோடு பக்கம் போய்ப் பொறுக்கி வந்த சாமான்களைக் கொண்டு பூந்தமல்லியில் ஒரு மெக்கானிக் அண்ணன் பிளைவுட் பெட்டிக்குள் கட்டித் தந்தார். உள்ளே 2என்3055 டிரான்ஸிஸ்டர்கள். முன்னால் 100 ஹெர்ட்ஸில் தொடங்கி 10 ஆயிரத்தில் முடியும் ஐந்து ஸ்லைடர்கள். ஸ்பீக்கர் இரண்டையும் மண்பானை வாயில் வானம் பார்க்க வைத்தோம். பானைக்கு ஒரு குணம் உண்டு. தனக்குப் பிடித்த ஒரு சுருதி வந்தால் மட்டும் உறுமும், மற்ற நேரம் சும்மா இருக்கும். அந்த உறுமலைத்தான் நாங்கள் ‘பாஸ்’ என்று நம்பினோம்.

பர்மா பஜாரில் வாங்கிய ஜப்பான் செட் வைத்திருந்தவர்கள் வேறு ஜாதி. அவர்களுடைய ஈக்குவலைஸரில் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் தாளத்துக்கு ஏறி இறங்கும். விருந்தாளிகள் பாட்டைக் கேட்க மாட்டார்கள், பார்ப்பார்கள்.

ஸ்லைடரைத் தூக்குவதன் விலை யாருக்கும் தெரியாது. மூன்று டெசிபெல் கூட்டினால் அந்தப் பகுதிக்கு ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு சக்தி தர வேண்டும். உச்சிக்கு, அதாவது 12 டெசிபெல்லுக்கு, ஏற்றினால் பதினாறு மடங்கு. பெட்டிக்கு அவ்வளவு தெம்பு ஏது? ஒலி நசுங்கும், ட்வீட்டர் கருகும். மெக்கானிக் அண்ணன் இதை எங்களிடம் சொன்னதே இல்லை. ட்வீட்டர் மாற்றுவது அவருக்கு நிலையான வருமானம்.

உண்மையான ஈக்குவலைஸரைப் பார்த்தது ஒரு மெல்லிசைக் கச்சேரியில். மேடையோரம் இரும்புச் சட்டத்துக்குள் 19 அங்குல அகலத்தில் கறுப்பாக நின்றது. 31 ஸ்லைடர்கள். 20 ஹெர்ட்ஸ் முதல் 20 ஆயிரம் வரை மனிதக் காதின் முழு எல்லையும், ஆக்டேவுக்கு மூன்று துண்டாக. அதன் பக்கத்தில் நின்றிருந்தவர் நாங்கள் நெருங்கியதும் சொன்ன ஒரே வார்த்தை: “கைய வைக்காத.”

இப்போது அதே மாதிரி ஒன்று என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கை வைக்க யாரும் தடை சொல்வதில்லை, ஆசைப்படவும் ஆளில்லை.

சவுண்டு சர்வீஸ்காரர்கள் டிஜிட்டல் மிக்சருக்கு மாறிவிட்டார்கள். அதில் ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனி ஈக்குவலைஸர் உள்ளேயே இருக்கிறது. ஆகவே பழைய 31 பேண்ட் பெட்டிகள் மூலையில் கிடக்கின்றன. தொழிலுக்குத் தேவைப்பட்ட வரை வீட்டுக்கு எட்டாத பொருள், தொழில் வேண்டாம் என்று தள்ளியபின் வீட்டுக்கு வருகிறது. விற்ற தம்பிக்குத்தான் குழப்பம்.

“வீட்டுக்கா சார்? வீட்ல மைக்கே இல்லியே. ஃபீட்பேக் எங்கேர்ந்து வரும்?”

அவர் கேட்டது நியாயம். மேடையில் இந்தப் பெட்டியின் முக்கிய வேலை, மைக் ‘கூ’வென்று ஊளையிடும் அந்த ஒரு அதிர்வெண்ணைக் கண்டுபிடித்து இறக்குவது. தொழில்காரர்கள் இதை வாங்கியது குறைக்க. நாங்கள் ஏங்கியது கூட்ட.

இணைப்பது தனிப் படலம். அன்றைய கம்பெனி ஆம்ப்ளிஃபயர்களின் முதுகில் ‘டேப் மானிட்டர்’ என்று வழி இருந்தது: ஒரு ஜோடித் துளையில் சிக்னல் வெளியே போகும், மறு ஜோடியில் திரும்பி வரும். ஈக்குவலைஸரை அந்தச் சுற்றில் செருகினால் முடிந்தது. ஸ்பீக்கர் வயரில் மட்டும் அதைச் சேர்க்கவே கூடாது. இன்றைய ஆம்ப்ளிஃபயர் பலவற்றில் அந்தத் துளைகள் இல்லை. பாட்டு இருப்பதோ போனில்; போனில் ஹெட்போன் துளையும் இல்லை. ஆகவே ஒரு புளூடூத் ரிசீவர் வாங்கி, அதிலிருந்து ஈக்குவலைஸருக்கும், அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்கும் வயர் போட்டேன். காற்றில் அனுப்புவதற்காகச் சுருக்கிய பாட்டை 31 துண்டாக்கிச் சீர்செய்கிற ஏற்பாடு.

வீட்டுக் கருவிகளின் பக்கம் ஆர்.சி.ஏ. பின், ஈக்குவலைஸர் பக்கம் கேனன் பின். கேனனில் மூன்று கால்: 1 எர்த், 2 சிக்னல், 3 அதே சிக்னல் தலைகீழாக. ஆர்.சி.ஏ.வில் இரண்டுதான். உள்ளே போகும் வயரில் மூன்றாம் காலை எர்த்தோடு சேர்த்துப் பற்றவைக்கலாம். வெளியே வருவதில் அப்படிச் சேர்ப்பதா, காலியாக விடுவதா என்பது கருவிக்குக் கருவி மாறும். அதன் கையேடு சொல்வதைக் கேட்பது நல்லது. எல்லாம் சேர்த்து முடித்ததும் ‘ம்ம்ம்’ என்று ஹம்மிங் கிளம்பினால், இரண்டு கருவிகளின் எர்த்தும் வயர் வழியாக வட்டம் போட்டுக்கொண்டன என்று பொருள். பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்துவிடச் சொல்ல ஊரில் ஆள் உண்டு. 230 வோல்ட்டோடு விளையாட வேண்டாம். எல்லாப் பிளக்கையும் ஒரே பெட்டியில் சொருகிப் பார்த்து, அப்படியும் போகாவிட்டால் சிக்னல் வயரில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுவதே முறை.

விளக்கும் ஏமாற்றியது. தொழில்முறைக் கருவிகள் தங்களுக்குள் ஏறக்குறைய 1.23 வோல்ட்டில் பேசிக்கொள்பவை. வீட்டுக் கருவிகளின் வழக்கம் 0.316 வோல்ட், கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. பாட்டு ஒழுங்காகப் போகும். ஆனால் பெட்டியின் மீட்டர் விளக்குகள் இதையெல்லாம் ஒரு சத்தமாக மதிப்பதில்லை. அன்று ஆடிய விளக்குகளுக்குப் பின்னால் வேலை குறைவு. இன்று வேலை நடக்கிறது, விளக்கு ஆடவில்லை. “இது ஓடுதாங்க?” என்றாள் மனைவி.

ஓடியது. எங்கள் கூடம் பதினோரு அடி நீளம். நேரெதிர்ச் சுவர்கள் இரண்டும் அந்த இடைவெளியில் 50 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைப் பந்தாக எறிந்து பிடித்து விளையாடும். 50 என்று எழுதிய ஸ்லைடரை ஆறு டெசிபெல் இறக்கினேன். பாஸ் கிடார் வாசிப்பவர் அதுவரை ஒரே சுரத்தை அல்ல, பல சுரங்களை வாசித்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. 63-ஐயும் 125-ஐயும் லேசாகத் தட்டினேன். மற்றவை நடுக்கோட்டிலேயே நிற்கின்றன. ஒரு நாற்காலியில் மட்டும் பாஸ் செத்துக் கிடந்தது. சுவரில் பட்டுத் திரும்பும் அலை அங்கே நேர் அலையைக் கழித்துவிடுகிறது. எந்த ஸ்லைடரைத் தூக்கினாலும் இரண்டும் சேர்ந்தே கூடும், கழிவும் தொடரும். நாற்காலியை இரண்டடி நகர்த்தினேன், சரியாயிற்று. செலவில்லாத ஈக்குவலைஸர்.

அடுத்த இடைஞ்சல் வாசலில் ஓடுகிறது. அன்று என்.எச்.4, இன்று 48. நம்பரோடு வண்டியும் பெருத்தது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று எல்லை வைத்திருக்கின்றன. அதை லாரிகள் படித்ததாகத் தெரியவில்லை. அவற்றின் உறுமல் நான் பாடுபட்டுத் திருத்திய அடித்தொனியின் மேலேயே வந்து உட்காருகிறது. பானை ஸ்பீக்கர் இருந்த காலத்தில் ஒன்பது மணிக்கு மேல் சாலையில் எப்போதாவது ஒரு லாரி. கேட்க நிசப்தம் இருந்தது, கேட்கத் தகுந்த ஒலி இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் வலது ஓரத்தில் இருக்கிறது. பதினைந்து வயதில் 16 ஆயிரம் ஹெர்ட்ஸ் எனக்குத் தாராளமாகக் கேட்டிருக்கும். ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கிய கேசட்டும் தேய்ந்த ஹெட்டும் அந்த உயரத்தை எட்டியதே இல்லை. இன்று என் செட் அதைச் சுத்தமாகத் தருகிறது. ஐம்பது தாண்டிய காது வாங்கிக்கொள்வதில்லை. கடைசி இரண்டு ஸ்லைடர்களையும் உச்சியில் வைத்தாலும் அடியில் வைத்தாலும் எனக்கு ஒன்றுதான். பல் இருந்தபோது முறுக்கு இல்லை, முறுக்கு வந்தபோது பல் இல்லை. பல்லுக்காவது எங்கள் ஊரிலேயே பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கூட்டியே ஆக வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிற ஈக்குவலைஸர் எங்கள் வீட்டில் ஒன்றுதான்; அது அம்மாவின் காதில் இருக்கிறது. காது பரிசோதித்து, எந்த அதிர்வெண் எவ்வளவு குறைகிறது என்று கோடு போட்டு, கம்ப்யூட்டரில் இணைத்து அந்த இடத்தை மட்டும் தூக்கிக் கொடுத்தார்கள். பட்டாணி அளவுதான், விலை என் பெட்டியைவிடப் பல மடங்கு. நான் பாட்டுப் போட்டால் அம்மா முதலில் அதைக் கழற்றி டப்பாவில் வைத்து மூடுகிறார்.

“பாட்டு நல்லாத்தான்டா இருக்கு. அந்த லாரிதான் காது கிழியுது.”