மலம்புழாவுக்குக் குடும்பத்தோடு போவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கிளம்புங்கள். மற்ற நாட்களில் கூட்டம் இருக்காது. ரோப்வே வரிசையில் நின்று நாலு பேரிடம் முறைத்துக்கொள்ளாமல் திரும்பினால், குடும்பத்தோடு போய்வந்தீர்கள் என்று யார் நம்புவார்கள்? காலை ஆறு மணிக்கு வண்டி எடுப்பதாக முந்தின நாளே அறிவித்துவிட வேண்டும். அப்போதுதான் பத்தரைக்காவது எடுக்க முடியும். கோயம்புத்தூர்க்காரர்கள் வாளையார் வழியாக வரலாம். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்த் தமிழர்களுக்கு இது உள்ளூர் என்பதால், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மட்டுமே போவார்கள்.

டிக்கெட் கவுண்டரில் பெரியப்பா வரலாறு சொல்லத் தொடங்குவார். தடுக்காதீர்கள், அவர் சொல்வது உண்மைதான். 1949இல் வேலை தொடங்கி, 1955 அக்டோபரில் முதலமைச்சர் காமராஜர் திறந்துவைத்த அணை இது. அன்றைக்குப் பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. அடுத்த வருஷம் நவம்பரில் கேரளம் பிறந்ததும் அணையும் அந்தப் பக்கம் போய்விட்டது. இதைக் காரணம் காட்டி டிக்கெட்டில் தள்ளுபடி கேட்பதை மட்டும் தடுத்துவிடுங்கள்.

உள்ளே போனதும் பிள்ளைகள் தொங்குபாலத்துக்கு ஓடும். நடுப்பாலத்தில் நின்று குதிக்காதே என்று சொல்லாதீர்கள். அதுவரை அதுகளுக்கு அந்த யோசனை வந்திருக்காது. மீன் வடிவக் கட்டடத்துக்குள் மீன் பார்க்கலாம். பாம்புப் பண்ணையும் உண்டு; மாமா பக்கத்து ஆட்கள் வந்திருந்தால் அங்கே வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

பாறைத் தோட்டத்தை அவசியம் பாருங்கள். சண்டிகரில் குப்பையிலிருந்து ஒரு உலகத்தையே கட்டிய நேக் சந்தின் கைவண்ணம். உடைந்த வளையல், ஓடு, பீங்கான் சில்லு எல்லாம் இங்கே சுவராகவும் உருவமாகவும் நிற்கின்றன. "நான் ஒரு தட்டை உடைச்சா வீடே எந்திரிச்சு நிக்குது" என்று உங்கள் மனைவி சொன்னால், பதில் சொல்லாமல் அடுத்த சிலைக்கு நகருங்கள்.

இனிதான் முக்கியமான கட்டம்: யட்சி. சென்னையிலும் லண்டன் ஸ்லேட் கலைப் பள்ளியிலும் படித்த கானாயி குஞ்ஞிராமன் 1969இல் முடித்த சிலை. முப்பது அடி உயரம், உடம்பில் ஒட்டுத்துணி இல்லை. அந்தக் காலத்திலேயே எதிர்ப்பு கிளம்பியது. என்னைக் கேட்டால் மொத்தத் தோட்டத்திலும் நின்று பார்க்க வேண்டியது இவள் ஒருத்தியைத்தான். ஆனால் குடும்பத்துக்கென்று ஒரு முறை இருக்கிறதே. அப்பா அந்த இடத்தில் அணையின் மதகுகளை எண்ண ஆரம்பிக்க வேண்டும். அம்மா சின்னவனின் ஷூ லேஸை அவிழ்த்துக் கட்ட வேண்டும். சித்தப்பா "இன்ஜினியரிங்கைப் பாருங்க" என்று பொதுவாகக் கையை நீட்டலாம். காலேஜ் படிக்கும் பிள்ளைகளுக்குப் போனில் அவசர வேலை வந்துவிடும். போட்டோ எடுத்தே தீர வேண்டுமென்றால் முழங்காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குள்ளேயே பெரியப்பா குடும்பம் முழுவதும் அடங்கும்.

அம்மாவைப் பெற்ற அம்மிச்சியை மட்டும் யாரும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அவர் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்ப்பார். "ஏங்கண்ணு, இத்தாப்பெரிய பொம்பளைக்கு ஒரு துணி போத்த கவுருமெண்டுக்கு வக்கில்லையா?" என்பார் முதலில். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு கையையும் கூந்தலுக்குள்ள உட்டுட்டு உக்காந்திருக்கா பாரு. தண்ணி வாத்துட்டுத் தலை ஆத்துறா. நீங்க எல்லாம் எதுக்குடா அங்கிட்டுத் திரும்பி நிக்கறீங்க?" என்று உரக்கக் கேட்பார்.

வெளியே உப்பிலிட்ட நெல்லிக்காய் கிடைக்கும். முன்பே ஒன்றை வாங்கி வைத்திருந்து, அந்தச் சமயத்தில் அவர் வாயில் போட்டுவிடுங்கள்.