பெயர் இருக்கிறது, கோப்பு?

1990களின் கடைசியில் டிடிபி கடையொன்றில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். முடித்த புத்தகம் அச்சகத்துக்கு மூன்றரை அங்குல ஃபிளாப்பியில் போகும். ஒன்றில் கொள்வது 1.44 எம்பி. படங்கள் சேர்ந்தால் ஏஆர்ஜே மென்பொருளால் கோப்பைத் துண்டுபோட்டு, பல ஃபிளாப்பிகளில் ஏற்றி, அங்கே போய் ஒட்டவேண்டும்.

விண்டோஸ் 95இல் ‘பிரீஃப்கேஸ்’ என்றொரு வசதி இருந்தது. கணினியில் இருப்பதையும் ஃபிளாப்பியில் இருப்பதையும் ஒப்பிட்டு, எது புதியது என்று காட்டும். நாம் பொத்தானை அழுத்தினால்தான் பழையதை மாற்றும். அதுவரை இரண்டும் தனித்தனி. கடைக் கணினியில் யாராவது ஒரு அத்தியாயத்தையே அழித்தாலும் ஃபிளாப்பியில் அது பத்திரமாக இருக்கும். அலைச்சல்தான் எங்களுக்குக் காவல்.

கணினிகளுக்கிடையே கோப்புகளை இணையம்வழி தானாகவே ஒத்திசைக்கும் ட்ராப்பாக்ஸை 2007இல் தொடங்கிய இருவரில் ஒருவரான ட்ரூ ஹூஸ்டன், பாஸ்டனிலிருந்து நியூயார்க் போகும் பேருந்தில், பென்டிரைவை எடுத்துவர மறந்துவிட்ட எரிச்சலில் அந்த யோசனை பிறந்ததாகச் சொல்லியிருக்கிறார். அதன் மென்பொருள் ஒரு ஃபோல்டரைக் கவனித்துக்கொண்டே இருக்கும். ஒரு கோப்பு மாறினால், அதை 4 எம்பி துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் உள்ளடக்கத்திலிருந்தும் ஒரு நீண்ட எண்ணைக் கணக்கிடும். சர்வரிடம் இல்லாத எண்ணுக்குரிய துண்டு மட்டுமே இணையத்தில் ஏறும். துண்டுபோட்டு ஒட்டியே பழகிய எனக்கு, இன்றும் இது பெரிய வேலையாகத்தான் தெரிகிறது.

2017இல் மைக்ரோசாஃப்ட்டின் ஒன்டிரைவ் இன்னொரு படி போனது. கோப்பின் பெயரும் அளவும் கணினியில் தெரியும்; உள்ளடக்கம் சர்வரில் இருக்கும். பக்கத்தில் மேகப் படம் இருந்தால், திறக்கும்போதுதான் இறங்கும் என்று அர்த்தம். இணையம் இல்லையா, பெயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சென்ற ஆண்டு அக்கா மகன் வீட்டுக் கணினியிலிருந்து குடும்பப் படங்களை அழித்துவிட்டான். அக்காவின் மடிக்கணினியிலிருந்தும் அவை போய்விட்டன.

“இடம் பத்தல மாமா. அதான் கிளவுட்ல இருக்கேன்னு இங்க எடுத்துட்டேன்.”

அவன் நினைத்தது இயல்பானதே. ஆனால் ஒத்திசைவு என்பது எல்லா இடமும் ஒன்றுபோல இருக்கச் செய்வது. சேர்த்தது போய்ச் சேர்வதுபோலவே அழித்ததும் போய்ச் சேரும். நல்லவேளை, பல சேவைகள் அழித்ததை 30 நாள் குப்பைத்தொட்டியில் வைத்திருக்கின்றன, படங்கள் மீண்டன. இடம் வேண்டுமானால் ‘டெலீட்’ கூடாது, ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’தான் என்று வலது சொடுக்கில் அவனுக்குக் காட்டினேன். பிறகு எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, கேபிளைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தோம்.