பெயர் மட்டும் சத்யம்

கே: எம்.பி.ஏ. பாடத்திட்டத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் 'வணிக அறம்' என்று ஒரு தாளைச் சேர்க்கிறார்களே, பரீட்சை எழுதினால் நேர்மை வந்துவிடுமா?
– வாசகர், திருவரங்குளம்

ப: மார்க் வரும்!

கணக்கு மோசடியால் 2001 டிசம்பரில் திவாலான அமெரிக்க எரிசக்தி கம்பெனி என்ரானை நடத்திய ஜெஃப்ரி ஸ்கில்லிங், ஹார்வர்டு எம்.பி.ஏ. 2004-ல் ஹார்வர்டு அறத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. வீடு கொள்ளை போன பிறகு வாங்கிய பூட்டு.

நம் ஊர்க் கதை இன்னும் ருசியானது. நல்ல நிர்வாகத்துக்காக 2008-ல் 'கோல்டன் பீகாக்' விருது வாங்கிய ஐ.டி. கம்பெனி சத்யம். அதன் இயக்குநர் குழுவில் ஹார்வர்டு பேராசிரியர் ஒருவரும், ஐதராபாத்தின் பிரபல பிசினஸ் ஸ்கூல் டீனும் இருந்தார்கள். 2009 ஜனவரி 7 அன்று, கணக்கெல்லாம் பொய் என்று கம்பெனித் தலைவர் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதினார். ஓட்டை ஏறத்தாழ 7,000 கோடி ரூபாய். பாடம் நடத்துகிறவர்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தும் கண்டுபிடிக்க முடியாததை, இருபது வயதுப் பையன் ஐந்து மார்க் கேள்வியிலா கண்டுபிடிப்பான்?

ஆனாலும் பாடம் வேண்டாம் என்பதல்ல. உதாரணத்தை உள்ளூரில் தேடலாம். ஆடி மாதம் புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து. பணம் தேவைப்படுகிறவர் ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடுவார்; சாப்பிட்டவர்கள் மொய்ப்பணம் கொடுப்பார்கள். பத்திரமில்லை, ஜாமீனில்லை, வட்டியில்லை. இருப்பது ஒரு மொய் நோட்டு. வாங்கியவர், கொடுத்தவர் வீட்டு விருந்தில் கொஞ்சம் கூட்டியே திருப்பி எழுதுகிறார். ஏமாற்றினால் மறுநாள் டீக்கடையில் தலைகாட்ட முடியாது. இதைவிட நல்ல தணிக்கை உண்டா?

கேஸ் ஸ்டடி தேடி பாஸ்டனுக்குப் பறக்கும் பேராசிரியர்கள், புதுக்கோட்டையில் ஆலங்குடி பஸ் ஏறட்டும். கிடாக்கறிச் சோறும் உண்டு. மொய் எழுதாமல் மட்டும் திரும்பிவிட வேண்டாம்.