திட்டினால் நல்ல சேதி

தங்கச்சி மகனுக்குக் காய்ச்சல் என்று விழுப்புரம் மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மூன்று ராத்திரி கிடந்தோம். திண்டிவனம் பக்கமா, விழுப்புரம் பக்கமா என்று கேட்காதீர்கள். பேரைச் சொன்னால் 'விளக்கம் தருக' என்று ஓலை வரும். அது அமைச்சருக்குப் போகாது, நைட் டியூட்டி நர்ஸுக்குப் போகும்.

குழந்தைகள் வார்டுக்கென்று ஒரு பாஷை உண்டு. பெயர்ச்சொல் கிடையாது, கட்டில் நம்பர்தான். வினைச்சொல் எல்லாம் ஏவல்: புடி, தள்ளு, வெளிய போ, வாங்கியா. தங்கச்சி 'புள்ளைக்கு இன்னா சிஸ்டர்?' என்றாள். 'அதான் எழுதியிருக்குல்ல?' எழுதித்தான் இருந்தது. கேஸ் ஷீட்டில், ஆங்கிலத்தில், மையில் விழுந்த எறும்பு ஊர்ந்துபோன மாதிரி. பக்கத்துக் கட்டில் செஞ்சிக்காரம்மா ஆறுதல் சொன்னாள்: 'திட்டுனா பயப்படாதம்மா. நல்லா பேசுனாத்தான் பயப்படணும்.'

ஆஸ்பத்திரியில் கிடக்கிற பிள்ளையோடு தாயைத் தங்கவிடுங்கள் என்று பிரிட்டனில் 1959இல் பிளாட் கமிட்டி அறிக்கை எழுதவேண்டியிருந்தது. நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. தாய் கட்டிலடியில் பாய் விரித்தால்தான் வார்டே ஓடும். ஈரத்துணி போட, பீத்துணி அலச, ரத்தக் குப்பியைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓட, பாட்டில் தீர்கிறதா என்று விடிய விடிய முழித்திருக்க, எல்லாம் அவள். முக்கால் நர்ஸ். குப்பியில் இருப்பது எதற்கான சோதனை என்று தெரிந்துகொள்ள மட்டும் தகுதி போதாது.

2017இல் மத்திய சுகாதார அமைச்சகம் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்கு ஒரு வழிகாட்டி போட்டது. பெற்றோரை உள்ளே விடு. கை கழுவ, பால் புகட்ட, நெஞ்சோடு அணைத்துவைக்க, ஆபத்துக் குறி தெரிந்துகொள்ள நர்ஸ் பொறுமையாக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கட்டும். அருமை! அதே 2017 நவம்பரில் தமிழ்நாட்டு ஒப்பந்த நர்ஸுகள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டம் என்று தரையில் உட்கார்ந்திருந்தார்கள். 2015இல் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவர்கள். மாசம் 7,700 ரூபாய், இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற வாக்கு. நர்ஸுக்கு உட்கார நேரம் கிடைத்தது அங்கேதான்.

எங்கள் வார்டில் ராத்திரிக்கு ஒரே ஒரு சிஸ்டர். மேஜைமேல் ரிஜிஸ்டர் ஏழு, எண்ணிப் பார்த்தேன். பிள்ளையின் மூச்சை எழுதாவிட்டால் மெமோ. தாயிடம் பேசாவிட்டால் ஒன்றுமில்லை, அதற்கு ரிஜிஸ்டரே கிடையாது. 'கனிவாகப் பேசுவோம்' என்று சுவரில் ஃபிளெக்ஸ். அதில் சிரித்த மந்திரி முகம்தான் வார்டில் சிரித்த ஒரே முகம்.

மூன்றாம் ராத்திரி சிஸ்டர் எட்டாம் கட்டிலருகே போனார். குரல் இறங்கியிருந்தது. 'சாப்டீங்களாம்மா? வீட்டுக்காரர வரச்சொல்லுங்க.' வார்டே எழுந்து உட்கார்ந்தது. 'பாண்டி ஜிப்மருக்கு' என்று அவர் சொல்லி முடிக்குமுன் அந்தப் பெண் பால் புட்டியைப் பையில் திணிக்க ஆரம்பித்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் எங்களிடம் வந்தார். 'கைய ஆட்டவிடாதன்னு எத்தினி வாட்டி சொல்றது? அறிவில்ல?'

தங்கச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

'திட்டிட்டாங்கண்ணா.'